பென்சைல் ஆல்கஹாலின் அளவை லேபிளின் முகப்பில் அச்சிடுங்கள்

ஊசி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கும், மருந்து லேபிள்களுக்கு ஒப்புதல் வழங்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் ஊசி மருந்துக் குப்பிகளில் பதனப்பொருளாக, அதாவது கிருமி பெருகாமல் காக்கும் பொருளாக, சேர்க்கப்படும் பென்சைல் ஆல்கஹாலின் பெயரையும், ஒரு மில்லிலிட்டரில் அது எத்தனை மில்லிகிராம் உள்ளது என்பதையும், மருந்தின் பெயர் எந்தப் பக்கத்தில் அச்சிடப்படுகிறதோ அதே பக்கத்தில், அதே தெளிவோடு அச்சிட வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். நான் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றும் மருந்தாளுநர். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் ஊசி மருந்துகளைச் சரிபார்த்து அனுப்புவது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. அந்த மேசையில் நிற்பவர்களுக்குத் தேவைப்படும் மிக முக்கியமான எண், பெரும்பாலான குப்பிகளில் பின்புறத்து ஓரத்தில், சேமிப்பு வெப்பநிலைக்கும் தொகுதி எண்ணுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. பல குப்பிகளில் அந்த எண்ணே இல்லை. 'பதனப்பொருளாகப் பென்சைல் ஆல்கஹால்' என்பதோடு வாசகம் முடிந்துவிடுகிறது.

இந்தச் சேர்மத்தின் மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நிறமற்ற, மெல்லிய நறுமணமுடைய இந்தத் திரவம் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நீரைவிடச் சற்றே கனமானது. ஏறத்தாழ 25 பங்கு நீரில் 1 பங்கு கரைகிறது. மல்லிகை எண்ணெயிலும் வேறு பல பூக்களின் எண்ணெய்களிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. வாசனைத் திரவியங்கள், முகப்பூச்சுகள், மை, எப்பாக்சி தரைப்பூச்சு என்று இது நுழையாத தொழில் குறைவு. நச்சுத்தன்மை மிகுந்த மெத்திலீன் குளோரைடுக்கு மாற்றாகப் பெயின்ட் உரிக்கும் கலவைகளிலும் இப்போது இது இடம்பிடித்திருக்கிறது. தலைப்பேன் ஒழிப்பதற்கான 5 சதவீத லோஷன் ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009ஆம் ஆண்டு அனுமதி அளித்தது. அது பேனின் நரம்புகளைத் தாக்கும் பூச்சிக்கொல்லி அன்று. பேன் தன் மூச்சுத்துளைகளை மூடிக்கொள்ள முடியாதபடி செய்து, அவற்றின் வழியே லோஷனை உட்புகச் செய்து, மூச்சடைத்துக் கொல்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அப்போதே வகுக்கப்பட்ட எல்லை.

கையாள்பவர்களைப் பொறுத்தவரை, மெத்தனாலையும் எத்தனாலையும் போல எளிதில் தீப்பற்றக் கூடியது அன்று. ஏறத்தாழ 100 டிகிரி வரை சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் நிலையை அடையும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். விழுங்கினாலும் ஆவியை மிகுதியாகச் சுவாசித்தாலும் தீங்கு செய்யும். சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகிய வழக்கமான ஏற்பாடுகள் போதும். தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு இது தரும் இடர் அறியப்பட்டது, கட்டுப்படுத்தக் கூடியது என்பதால் அதைப் பற்றி மேலும் விரிக்கவில்லை.

தயாரிக்கும் முறையைத் தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததைச் சொல்வதற்காக அன்று, இந்தச் சேர்மத்தின் வேதியியலும் அதன் நச்சியலும் ஒரே கதை என்பதைக் காட்டுவதற்காக. தொழிற்சாலைகளில் டொலுயீனைக் குளோரின் ஏற்றிப் பென்சைல் குளோரைடாக்கி, அதைச் சோடியம் கார்பனேட்டு கரைசலோடு சூடாக்கிப் பென்சைல் ஆல்கஹால் எடுப்பது பரவலான வழி. டைபென்சைல் ஈதர் இதில் துணை விளைபொருளாக வருகிறது. குளோரின் சேர்ந்த மாசுகள் எஞ்சாமல் பார்த்துக்கொள்வது இதன் தலைவலி. பென்சால்டிஹைடை வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜன் ஏற்றுவது மற்றொரு வழி. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக இத்தாலிய வேதியியலாளர் ஸ்டானிஸ்லாவோ கனிசாரோ 1853இல் வெளியிட்ட வினையைத்தான் இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். பென்சால்டிஹைடையும் அடர் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் ஒரு குடுவையில் இட்டு, பால்போலத் திரளும்வரை நன்றாகக் குலுக்கி, இரவு முழுவதும் மூடி வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் குடுவை முழுவதும் வெண்ணிறப் படிகக் கூழாக இறுகியிருக்கும். அது பொட்டாசியம் பென்சோயேட்டு. நீர் சேர்த்து அதைக் கரைத்து, ஈதரைக் கொண்டு பென்சைல் ஆல்கஹாலைப் பிரித்தெடுத்து, எஞ்சிய பென்சால்டிஹைடைப் பைசல்ஃபைட்டு கரைசலால் கழுவி நீக்கி, உலர்த்தி, காய்ச்சி வடித்தால் 205 டிகிரிக்கு அருகில் தூய திரவம் இறங்கும். ஒரு பாதி மூலக்கூறுகள் ஆல்கஹாலாகவும் மறு பாதி பென்சோயிக் அமிலத்தின் உப்பாகவும் பிரிவதே அவ்வினையின் இயல்பு. அந்தக் குடுவையில் பிரிந்த இரண்டில் முதலாவதை நாம் குப்பியில் அடைக்கிறோம். உடலுக்குள் சென்றதும் அது இரண்டாவதாக மாறுகிறது. அதைத்தான் குறைமாதக் குழந்தையின் உடலால் வெளியேற்ற முடிவதில்லை.

தூய்மையைப் பேணுவதில் உங்கள் துறை காட்டும் அக்கறையை நான் மதிக்கிறேன். திறந்து வைத்த பென்சைல் ஆல்கஹால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பென்சால்டிஹைடாகிறது. வாதுமை போன்ற மணம் எழுவது அதன் அடையாளம். இதனால்தான் ஊசிக்கான தரத்தில் பென்சால்டிஹைடு 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மருந்துத் தர நூல்கள் வரையறுக்கின்றன; பிற பயன்பாடுகளுக்கு 0.15 சதவீதம் வரை அனுமதி உண்டு. காற்றுப் புகாத கலன், ஒளி படாத இடம், நைட்ரஜன் போர்வை என்று அதைக் காக்கிறீர்கள். மூலப்பொருளில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மாசுக்கு இத்தனை கண்காணிப்பு வைத்திருக்கும் ஒரு துறை, அந்த மூலப்பொருளே எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணில் படும்படி எழுத ஏன் தயங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஊசி மருந்தில் இதற்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒரே குப்பியில் மீண்டும் மீண்டும் ஊசி குத்தும்போது நுழையும் பாக்டீரியாக்கள் பெருகாமல் தடுப்பது முதல் வேலை; அமிலத்தன்மையுள்ள கரைசல்களில் இதன் வீரியம் அதிகம், பி.எச். 8ஐத் தாண்டினால் பெரிதும் குறைந்துவிடும். நீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கரைசலாக நிறுத்தி வைக்க உதவுவது இரண்டாவது. ஊசி ஏறும் இடத்தை மரக்கச் செய்து வலியைக் குறைப்பது மூன்றாவது. இந்தப் பதனப்பொருளே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். பதனம் இல்லாத குப்பியைப் பலருக்கும் பயன்படுத்தினால் விளையும் தொற்று எத்தகையது என்பது மருத்துவமனையில் பணிபுரியும் எவருக்கும் தெரியும். மில்லிலிட்டருக்கு 9 மி.கி. உள்ள மருந்தை 2 மி.லி. போட்டுக்கொள்ளும் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மி.கி. மட்டுமே சேர்கிறது. அவருடைய கல்லீரல் அதைப் பென்சால்டிஹைடாகவும், பின்பு பென்சோயிக் அமிலமாகவும் மாற்றி, அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைத்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வலுவற்றது. ஆல்கஹாலைப் பென்சோயிக் அமிலமாக்கும் நொதிகள் அதனிடம் ஓரளவு வேலை செய்கின்றன. ஆனால் அந்த அமிலத்தைக் கிளைசினோடு இணைக்கும் திறன் இன்னும் முதிரவில்லை. எனவே அமிலம் உருவாகிக்கொண்டே இருக்கிறது, வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, அதை ஈடுகட்ட மூச்சு வேகமெடுத்து, பின்பு வாயைப் பிளந்து இழுக்கும் மூச்சாக மாறுகிறது, வலிப்பு வருகிறது, மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படுகிறது, இறுதியில் இரத்த அழுத்தம் வீழ்கிறது. மருத்துவ ஏடுகள் 'காஸ்பிங் சிண்ட்ரோம்' என்று குறிப்பது இதைத்தான்.

இது ஊகம் அன்று. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு மருத்துவ மையங்களிலிருந்து 16 பச்சிளங்குழந்தைகளின் இறப்பு இந்தப் பதனப்பொருளோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்டது. எல்லாரும் 2,500 கிராமுக்கும் குறைந்த எடையோடு குறைமாதத்தில் பிறந்தவர்கள். இரத்தக்குழாய்க்குள் வைத்திருந்த கதீட்டர் என்ற மெல்லிய குழாய் அடைபடாமல் இருக்க, நாள்தோறும் பலமுறை பதனப்பொருள் கலந்த சலைனால் அதை அலசியிருக்கிறார்கள். யாரும் தவறான மருந்தைக் கொடுக்கவில்லை. கொடுத்ததை மருந்து என்றே யாரும் கருதவில்லை என்பதுதான் நடந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த ஆண்டிலேயே அமெரிக்க நிர்வாகம் மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. பயன்பாட்டை நிறுத்திய பின், 1,000 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகளிடையே இறப்பும் மூளை அறைகளுக்குள் ஏற்படும் இரத்தக்கசிவும் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் பதிவு செய்தன. அதாவது, அறிவிக்கப்பட்ட இறப்புகளுக்கு அப்பாலும் இது யார் கண்ணிலும் படாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதனப்பொருள் கலந்த சலைனில் பென்சைல் ஆல்கஹால் 0.9 சதவீதம், அதாவது மில்லிலிட்டருக்கு 9 மி.கி. குழந்தையின் எடை 900 கிராம். ஒருமுறை 1 மி.லி. கொண்டு குழாயை அலசினால் கிலோவுக்கு 10 மி.கி. உள்ளே செல்கிறது. ஒரு நாளில் பத்துமுறை அலசினால் 100 மி.கி. பாதிப்புக்குள்ளான குழந்தைகள் பெற்றதாகப் பதிவான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 99 மி.கி.யில் தொடங்குகிறது. ஆபத்து தொடங்கும் மிகக் குறைந்த அளவு எது என்று எவரும் நிறுவவில்லை என்பதால், 99க்குக் கீழே பாதுகாப்பு என்று கொள்ளவும் இடமில்லை. இரத்தம் எடுத்த பின் ஒருமுறை, மருந்து ஏற்றுமுன் ஒருமுறை, ஏற்றிய பின் ஒருமுறை என்று குழாயை அலசும் ஒரு பிரிவில் பத்து என்பது மிகைப்படுத்திய எண் அன்று.

இங்கே இன்னொரு குழப்பமும் இருக்கிறது. லேபிள் வடிவமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண சலைனில் உப்பு 0.9 சதவீதம். பதனப்பொருள் கலந்த சலைனிலும் உப்பு 0.9 சதவீதமே, அதிலுள்ள பென்சைல் ஆல்கஹாலும் 0.9 சதவீதம். முகப்பில் பெரிதாக '0.9 சதவீத சோடியம் குளோரைடு ஊசி' என்று இரண்டிலும் ஒரே வாசகம் நிற்கிறது. பின்புறம் சிறிய எழுத்தில் தென்படும் மற்றொரு 0.9ஐ அவசரத்தில் பார்ப்பவர், அது முகப்பில் படித்த அதே 0.9 என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒரே அளவுக் குப்பி, ஒரே நிற எழுத்து, மூடியின் நிறம் மட்டும் வேறு. அந்த மூடியையும் முதல் பயன்பாட்டிலேயே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மங்கிய விளக்கொளியில், கையுறை அணிந்த விரல்களுக்கிடையே சிறு குப்பியைத் திருப்பித் திருப்பி எழுத்தைத் தேடும் செவிலியரைப் பார்த்துவிட்டு, கவனக்குறைவு என்று அவர் மீது பழிபோடும் அறிக்கைகளை என்னால் ஏற்க முடிந்ததில்லை.

சலைன் மட்டும்தான் சிக்கல் என்றால் பிரித்து வைத்துவிட்டுப் போகலாம். லோராசிபாம் ஊசியில் இது 2 சதவீதம். வலிப்பை அடக்கக் கொடுக்கும் மருந்தில், அளவு கூடினால் வலிப்பை வரவழைக்கும் பதனப்பொருள் இருக்கிறது என்பதைப் படித்தவர்கள்கூட நினைவில் வைப்பதில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் வழக்கமான அமியோடரோன் ஊசியில் மில்லிலிட்டருக்கு 20 மி.கி.க்குச் சற்று அதிகம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினின் பலமுறை பயன்படுத்தும் குப்பிகள், சில ஸ்டீராய்டு ஊசிகள், கிளிண்டாமைசின் ஊசி, சில டைக்ளோஃபெனாக் ஊசிகள் என்று பட்டியல் நீளும். தனித்தனியே ஒவ்வொன்றும் சிறிதுதான். ஒரே நாளில் ஒரே குழந்தைக்கு இரண்டு மூன்று மருந்துகள் செல்லும்போது, அத்தனையிலும் உள்ள பென்சைல் ஆல்கஹாலைக் கூட்டி, எடையால் வகுத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு மருந்தாளுநருடையது. ஒரு லேபிளில் சதவீதம், மற்றொன்றில் மில்லிகிராம், மூன்றாவதில் பெயர் மட்டும் என்று இருந்தால் அந்தக் கூட்டலை எங்கிருந்து தொடங்குவது? தொகுப்பினுள் மடித்து வைத்த தாளில் எல்லாம் இருக்கிறது என்பீர்கள். இருக்கலாம், ஆனால் அந்தத் தாள் பெட்டியோடு மருந்தகத்திலேயே தங்கிவிடுகிறது, சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது குப்பி மட்டுமே.

மருத்துவர்களுக்கு இதெல்லாம் தெரியும் என்பது அடுத்து வரும் பதில். 1982க்குப் பிறகு பாடநூல்களில் இது ஏறிவிட்டது என்பது உண்மைதான். குப்பியை உடைத்து மருந்தை உறிஞ்சும் கை பெரும்பாலும் மருத்துவருடையது அன்று என்பதும் உண்மை. மேலும், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பயின்றவர்கள் அறிந்ததை, இரவில் வேறு பிரிவிலிருந்து உதவிக்கு வந்தவர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குப்பியில் இடம் போதவில்லை என்று சொல்வோருக்கு, முகப்பில் நிறுவனச் சின்னத்துக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடைமுறை இரண்டு இடங்களில் நமக்கு வழி காட்டுகிறது. தோலில் பூசி அப்படியே விடும் முகப்பூச்சு ஒன்றில், நறுமணப் பொருளாகச் சேர்ந்த பென்சைல் ஆல்கஹால் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் அதன் பெயரை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது அங்குள்ள அழகுசாதன விதி. நான் பேசும் சலைனில் இருப்பது அதைப் போல 900 மடங்கு செறிவு. செல்வதும் தோல் மேல் அன்று, நேரே இரத்தத்துக்குள். மருந்துகளைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் திருத்திய துணைப்பொருள் வழிகாட்டுதல், பென்சைல் ஆல்கஹால் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதன் அளவை மில்லிகிராமில் குறிப்பிடவும், மருத்துவர் பரிந்துரைத்தாலன்றி நான்கு வாரம் வரையிலான குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றும், மருத்துவரோ மருந்தாளுநரோ அறிவுறுத்தினாலன்றி மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரிக்கவும் கோருகிறது. நல்ல வாசகம். ஆயினும் அதுவும் மடித்த தாளுக்கான வாசகமே. அதைக் குப்பிக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் நான் கேட்பது இது: பென்சைல் ஆல்கஹால் உள்ள எந்த ஊசி மருந்துக்கும் லேபிள் ஒப்புதல் தரும்போது, முகப்பில் மருந்தின் செறிவுக்கு நேர் கீழே 'பென்சைல் ஆல்கஹால், மி.லி.க்கு இத்தனை மி.கி.' என்ற வரி இருந்தாலொழிய ஒப்புதல் தராதீர்கள். அலகு எல்லா மருந்துக்கும் மில்லிகிராமாகவே இருக்கட்டும், சதவீதத்தை விட்டுவிடலாம். பதனம் கலந்த சலைனுக்கும் பதனம் கலந்த ஊசி நீருக்கும் மட்டும் கூடுதலாக ஒன்று வேண்டும். பச்சிளங்குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சொற்கள், கழற்றி எறியும் மூடியில் அல்லாமல் குப்பியின் உடலில், வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு நிறப் பட்டையின் மேல் அமைய வேண்டும். சதவீத எண்கள் அடுத்தடுத்து நிற்பதால் வரும் குழப்பத்தை இந்த இரண்டு மாற்றங்களே பெரும்பாலும் நீக்கிவிடும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது சற்றுக் கடினமானது. ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தி எறியும் ஆம்பூலில் பதனப்பொருளுக்கு வேலை இல்லை. அங்கே பென்சைல் ஆல்கஹால் இருந்தால் அது கரைப்பானாகவோ வலி குறைப்பானாகவோதான் இருக்க முடியும்; அப்படியானால் அந்தப் பணியைக் குறிப்பிட்டு எழுதுங்கள், இல்லையெனில் அதை நீக்குங்கள். மாற்று வழி கிடையாது என்ற வாதம் எல்லா மருந்துக்கும் பொருந்துவதில்லை. சைக்ளோடெக்ஸ்ட்ரின் வகைப் பொருளால் கரைக்கப்பட்ட, பென்சைல் ஆல்கஹால் அறவே இல்லாத அமியோடரோன் ஊசி சில நாடுகளில் விற்பனையில் இருக்கிறது. பதனப்பொருள் இல்லாத ஹெப்பாரினும் உண்டு. குழந்தைகளுக்குத் தேவைப்படும் சிறு அளவுகளில், பதனம் கலக்காத சலைனை 2 மி.லி., 5 மி.லி. ஆம்பூல்களாகப் போதுமான எண்ணிக்கையில் தயாரித்துத் தந்தால், பெரிய குப்பியைத் திறந்து வைத்துக்கொள்ளும் பழக்கமே பல பிரிவுகளில் தேவையற்றுப் போகும். லாபம் குறைந்த சரக்கு என்பதால் அதன் உற்பத்தியை முதலில் நிறுத்துகிறார்கள். தட்டுப்பாடு வரும் நாள்களில்தான் பதனம் கலந்த குப்பி குழந்தைகள் பிரிவுக்குள் எட்டிப்பார்க்கிறது.

அவசர மருந்து ஒன்றில் வேறு வடிவம் கிடைக்காத நிலையில், பென்சைல் ஆல்கஹால் உள்ளது என்ற காரணத்துக்காக அதைக் குழந்தைக்கு மறுப்பதும் பிழையாகிவிடும் என்பதை அறிவேன். தொடரும் வலிப்பு அந்தச் சில மில்லிகிராம்களைவிட ஆபத்தானது. லேபிளில் எண் இருந்தால் மருத்துவரும் மருந்தாளுநரும் அதை எடைபோட்டு முடிவெடுப்பார்கள். எண் இல்லாதபோது ஒன்று பயந்து மறுக்கிறார்கள், அல்லது அறியாமல் கொடுக்கிறார்கள்.

புதிய லேபிள் அச்சாகி வருவதற்குக் காலம் பிடிக்கும் என்பது உங்கள் அலுவலகங்களிலிருந்து வரும் வழக்கமான மறுமொழி. அதுவரை கிடங்கில் உள்ள சரக்குக்கு ஒட்டுச்சீட்டு ஒன்று போதும்: சேர்மத்தின் பெயர், மி.லி.க்கு மி.கி. அளவு, பச்சிளங்குழந்தைகளுக்கு அன்று என்ற எச்சரிக்கை. பெட்டியின் மேல் அல்ல, ஒவ்வொரு குப்பியின் மேலும் அதை ஒட்டி அனுப்பும்படி இப்போதே சுற்றறிக்கை விடுத்தால், அடுத்த தொகுதிச் சரக்கிலேயே அதைப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்